ஞாபகமில்லை என்று எழுதச் சொன்னேன்

மகனே,

இந்தக் கடிதத்தை உன் கையில் தருவது உன் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது தந்தால் வாங்கி வைத்துக்கொண்டு உடனே எனக்குப் போனில் ஒரு கோல் எடு. உறையின் வாயை ஒட்டி அதன்மேல் குறுக்காக ஒப்பம் வைத்திருக்கிறேன். கோடு முறியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரி. சிரிக்காதே. முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்து எழுதினவள் பெற்ற பிள்ளைக்கும் இப்படித்தான் கடிதம் அனுப்புவாள். போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போனில் சொன்னதுதான் பிழையாகிவிட்டது. அதைவிட, போனில் பேசுவதை எவன் பதிந்து வைத்திருக்கிறான், அது நாளைக்கு எந்த மேசையில் ஒலிக்கும் என்று யார் கண்டது? வாட்சப்பில் எழுதினால் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிடுவார்கள். கடதாசி என்றால் வாசித்துவிட்டு அடுப்பில் போடலாம். போடுவதும் வைத்திருப்பதும் உன் விருப்பம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ எடுத்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாய். உங்கள் கந்தோரில் தபால் மேசையில் இருக்கும் கனகரெத்தினம் அண்ணனுக்கு விசாரணை. மழைக்கு முன் வாய்க்கால் கட்டைத் திருத்தித் தரும்படி உங்கள் பக்கத்து வட்டையில் வயல் செய்கிறவர்கள் ஒரு கடிதம் கொண்டுவந்தார்கள். அவர் வாங்கினார். பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு முன்பே உங்கள் கந்தோர்ப் பெரியவர் அந்தப் பக்கமாக வந்து, "கொண்டாங்க, நான் பாக்கிறன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பக்கத்தில் நின்று கண்டது நீ ஒருவன்தான். மழை வந்தது, கட்டு உடைந்தது, வயலில் நின்ற வேளாண்மை அழுகிப்போனது. இப்போது பெரியவர் அப்படியொரு கடிதம் தன்னிடம் வரவேயில்லை என்கிறார். கனகரெத்தினம் தொலைத்துவிட்டார் என்று கடதாசி ஓடுகிறது. மனிதருக்குப் பென்சனுக்கு இன்னும் இரண்டு வருஷம். வியாழக்கிழமை உன்னிடம் வாக்குமூலம் எடுக்க வருகிறார்கள். உன் நிரந்தர நியமனக் கடிதமோ அதே பெரியவரின் மேசையில் ஒப்பத்துக்குக் கிடக்கிறது. "அம்மா, நான் என்னத்த எழுதுற?" என்று கேட்டாய்.

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஞாபகமில்லை எண்டு எழுது மனே," என்றேன். "காணல்ல எண்டு எழுதாத, அது பொய். கண்டன் எண்டும் எழுதாத, அது பொறி. ஞாபகமில்லை எண்டா ஒருத்தனுக்கும் உன்னப் பிடிக்க ஏலாது. அந்தாள் உண்மையில அப்பாவியோ என்னவோ, ஆருக்குத் தெரியும்?" நீ "சரி அம்மா" என்றாய். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்: "இந்த வீட்டுக்கு ஞாபகமில்லாத ஒராள் காணாதாக்கும். இப்ப ரெண்டு." சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. கீரையைத் தண்டோடு சேர்த்துச் சட்டிக்குள் போட்டுவிட்டேன்.

நீ வேலைக்குப் போய் இன்னும் மூன்று வருஷம் ஆகவில்லை. வெளியில் இருந்து வருகிற சனம் எங்களைப் பார்த்து, "இவனுகளுக்கு நெஞ்சில ஈரமில்ல" என்று ஏசும். ஏசட்டும். ஆனால் அங்கே இருக்கிற ஒருவரும் அப்படிப் பிறந்து வந்தவரல்ல. மேலே இருப்பவர் வாயால் சொல்லுவார், கீழே இருப்பவள் எழுத்தில் மாட்டுவாள். அப்படியொரு இடத்தில் ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் இருப்பதற்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பிரதம லிகிதர், என்ன கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கேட்டவருக்கே அலுத்துப்போகும் வரைக்கும் துடைப்பார். இன்னொரு அக்கா மண்டூர் முருகன் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தா. சிக்கலான கோப்பு எதையும் அவருக்குக் காட்டாமல் மேலே அனுப்பமாட்டா. காணிப் பகுதியில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். நேர்மையாக ஓர் அறிக்கை எழுதினார். அது ஏழு முறை கேள்வியோடு திரும்பி வந்தது. எட்டாவது முறை அவர் அறிக்கை எழுதவில்லை, கந்தோருக்குப் பின்னால் கத்தரி நட்டார். காலையில் ஒப்பம் வைப்பார், தண்ணீர் ஊற்றுவார், பின்னேரம் ஒப்பம் வைப்பார். அவரைச் சோம்பேறி என்றுதான் இடமாற்றினார்கள். நல்ல கத்தரிக்காய், நாங்களும் வாங்கிச் சமைத்தோம்.

என் வழி சந்தேகம். வாயால் ஒரு கட்டளை வந்தால் நேரத்தையும் நாளையும் டயறியில் எழுதிவைப்பேன். கோப்பில் ஒப்பம் வைக்க நேர்ந்தால் யாருடையது என்று சொல்ல முடியாதபடி ஒரு கோடு, அதுதான் என் சின்ன ஒப்பம். என் மேசையால் போகிற எந்தக் கடதாசியும் ஒரு போட்டோக்கொப்பி ஆகாமல் போகாது. அந்தக் கொப்பிகளெல்லாம் வீட்டு அலுமாரியில் என் கூறைச் சேலைக்குக் கீழே கிடந்தன. யாராவது தேத்தண்ணீர் வாங்கித் தந்தால் எந்தக் கோப்புக்காக என்று பார்ப்பேன். "மிஸ் இண்டைக்கு வடிவா இருக்கிறீங்க" என்று ஒருவர் சொன்னபோது, அவருடைய பெயர் இருக்கிற விண்ணப்பத்தைத் தேடி எடுத்து மூன்று முறை வாசித்தேன். அது பலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓய்வு பெறும் நாள் வரை என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தச் சந்தேகம் பின்னேரம் நாலேகாலுக்குக் கந்தோரோடு நின்றுவிடவில்லை. உனக்குத் தெரியும். பத்து வயதில் பக்கத்து வீட்டு யன்னல் கண்ணாடி உடைந்தபோது, நான் உடைக்கவில்லை என்று நீ அழுதாய். நான் உன் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தந்து, "எழுத்தில தா, நாளப் போட்டு ஒப்பம் வை" என்றேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாக்குமூலம் எழுதினாய். உன் அப்பா கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம் சுணங்கினாலும் யாரைச் சந்தித்தார், என்ன பேசினார் என்று கேட்பேன். உனக்கு மண்டூரில் சம்பந்தம் பேசினபோது, பெண்ணின் பிறப்புச் சான்றிதழைப் பதிவுப் பகுதியில் எனக்குத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உன் மனைவியும் இதை வாசிப்பாள் என்று தெரியும். வாசிக்கட்டும். அவள் தங்கமான பிள்ளை, சான்றிதழும் சரியாகத்தான் இருந்தது.

இனி நபீசாவைப் பற்றி எழுத வேண்டும். இந்தப் பெயரை நான் வீட்டில் சொல்லி நீ கேட்டிருக்கமாட்டாய். காத்தான்குடிப் பிள்ளை. என் பக்கத்து மேசை. என்னைவிட ஒன்பது வயது இளையவள், எந்நேரமும் சிரித்த முகம். ஆரையம்பதியில் நான் பஸ் ஏறுவேன், அதற்கு முன்பே அவள் காத்தான்குடியில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அவள் கொண்டுவருகிற இடியப்பமும் மீன் ஆணமும் என் பீங்கானில், என் சோறும் முருங்கைக்காயும் அவள் பீங்கானில். கந்தோரில் நான் சந்தேகப்படாமல் இருந்தது அவள் ஒருத்தியைத்தான். அவளையும் ஒரு பின்னேரத்தில் சந்தேகப்பட்டேன்.

துண்டு என்றால் உனக்கு இப்போது தெரிந்திருக்கும். கோப்பில் எழுதினால் காலத்துக்கும் நிற்கும் என்று பெரியவர்கள் கோப்பில் எழுதமாட்டார்கள். சின்னக் கடதாசித் துண்டில் எழுதிக் குண்டூசியால் குத்தி அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் துண்டு பறந்துவிடும். கோப்பில் இரண்டு ஓட்டை மட்டும் மிஞ்சும். நீ சாதாரண தரம் படித்த வருஷம், வாவி பெருகி வீட்டுக்குள் வந்ததே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு கூரைத் தகரம் கொடுத்தார்கள். பட்டியல் நபீசாவின் பொறுப்பு. வாவிக் கரையில் இருந்த ஒரு குடியிருப்பின் பட்டியல் மேலே போய், "இது இம்முறை வேண்டாம்" என்ற துண்டோடு கீழே வந்தது. பெரியவரின் சின்ன ஒப்பமும் இருந்தது. அந்தத் தகரம் பிறகு எங்கே போனது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆதாரம் இல்லாததால் இங்கே எழுதவில்லை. நபீசா கோப்பை என்னிடம் நீட்டி, "அக்கா, இதப் பாருங்களன், அந்தச் சனம் பாவமில்லியா?" என்றாள். நான் பாவ புண்ணியம் பார்க்கவில்லை, போட்டோக்கொப்பி எடுத்தேன். எதையும் எடுப்பதுபோல அதையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தக் குடியிருப்புச் சனம் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு முறைப்பாடு போனது. கோப்பைத் திறந்தால் துண்டு இல்லை. பெரியவர், "நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, லிகிதர் தன்பாட்டில் பட்டியலை விட்டுவிட்டிருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தார். நபீசா, துண்டு இருந்தது, பக்கத்து மேசை அக்காவும் கண்டா என்று சொன்னாள். விசாரணைக்கு முந்தின நாள் பின்னேரம் நான் அலுமாரியைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்தேன். எல்லாம் தெளிவாக இருந்தது, ஒப்பமும்தான். இதை நாளைக்குக் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் மனம் தன் வேலையைக் காட்டியது. ஏன் என் பெயரைச் சொன்னாள்? கந்தோர்க் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் யார் என்று பிடிக்கத்தான் இந்த விசாரணையோ? அவளும் பெரியவரும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குக் கண்ணி வைக்கிறார்களோ? இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது அது எனக்குப் புத்தியாகப் பட்டது. கொப்பியைத் திரும்பக் கூறைச் சேலைக்குக் கீழே வைத்தேன். மறுநாள் "துண்டைக் கண்டீர்களா?" என்ற கேள்விக்கு நேராக, வடிவான எழுத்தில், "ஞாபகமில்லை" என்று எழுதினேன்.

அவளுக்குச் சம்பள ஏற்றத்தை நிறுத்தி, வாவிக்கு அக்கரையில் ஒரு கந்தோருக்கு இடமாற்றம் கொடுத்தார்கள். போகிற நாள் என் மேசைக்கு வந்து, "அக்கா, லாச்சித் துறப்பு. பிரதம லிகிதர்ட்டக் குடுத்திருங்க" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் துறப்பால் லாச்சியைத் திறந்து உள்ளே இருந்த பேனை, முத்திரை, அடிமட்டம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அவளிடம் ஒப்பம் வாங்கினேன். நாளைக்கு ஏதாவது குறைந்தால் என் தலையில் விழக்கூடாது. அவள் ஒப்பம் வைத்துவிட்டுப் போனாள். நான்கு வருஷம் காலையில் பஸ், பிறகு பாதை என்கிற அந்த மிதவை வரும் வரைக்கும் கரையில் காத்து நின்று வாவியைக் கடந்து போவது, பின்னேரம் அதேபோலத் திரும்புவது. மகளுக்கு மூச்சு இழுப்பு வருத்தம். பள்ளிக்கூடத்தில் இருந்து ஆளனுப்பினாலும் தாய் வந்து சேர இரண்டு மணித்தியாலம். ஐந்தாம் வருஷம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். இதெல்லாம் அவள் சொல்லி நான் அறியவில்லை. கந்தோரில் மற்றவர்கள் பேசியதைக் கேட்டு, கேட்காததுபோல் இருந்தேன்.

நேற்று, திங்கட்கிழமை, காத்தான்குடிக்குப் போனேன். ஓட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தைப் போக எனக்குப் பதினைந்து வருஷம் எடுத்தது. கதவைத் திறந்தது மகள், நெடுத்து வளர்ந்த பிள்ளை. "உம்மா, ஆரோ வந்திரிக்காங்க" என்றாள். நபீசா தையல் மெசினில் இருந்து எழும்பி வந்து பார்த்தாள். வியப்பு ஒன்றும் முகத்தில் இல்லை. "வாங்கக்கா, இரிங்க" என்று தேத்தண்ணீர் போடப் போனாள். ஏன் இவ்வளவு நல்லாக் கவனிக்கிறாள், என்ன வைத்திருக்கிறாள் என்று அங்கேயும் என் மனம் மோப்பம் பிடித்தது. அந்த மனத்தை என்ன செய்வது, மகனே? அவள் வந்து இருந்ததும், தயங்கினால் சொல்லமாட்டேன் என்று உடனே சொன்னேன்.

"நபீசா, அந்தத் துண்டுட கொப்பி என்னட்ட இருந்திச்சி."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கொப்பி எடுக்கக்குள்ள மெசினில கடதாசி முடிஞ்சி. நான்தானே கொண்டு வந்து போட்டுத் தந்தன். மறந்திட்டீங்களா?"

உண்மையாகவே அது எனக்கு மறந்துபோயிருந்தது. "அப்ப விசாரணையில ஏன் சொல்லல்ல? அக்காட்ட கொப்பி இரிக்கி எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா..."

"சொன்னா வீட்டுக்குக் கடதாசி கொண்டு போன எண்டு உங்களையும் சேத்துப் புடிப்பாங்க. நீங்களாக் கொண்டு வந்தாத்தானே சரி. கொண்டு வருவீங்க எண்டு இருந்தன்" என்றாள். தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளிவைத்து, "அண்டைக்கு முழுக்க இருந்தன் அக்கா" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. "கோபமா புள்ள?" என்று கேட்டேன். "ஓம். பாதைக்குக் காத்து நிக்கிற ஒவ்வொரு நாளும் உங்களத்தான் ஏசின. பெரியவர ஏசல்ல. அவர்ர குணம் தெரிஞ்சதுதானே." "இப்ப?" என்றேன். "இப்பவும் இரிக்கி. தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது" என்றாள். குடித்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். திரும்பவும் வாங்க என்று சொல்லவில்லை. ஓட்டோவில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும்போது ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். இவர் எனக்குத் தெரிந்தவரோ, ஊரில் போய்ச் சொல்லுவாரோ என்று அப்போதும் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இதைச் சொல்லும்போதும் என்னை நான் முழுதாக நம்பவில்லை. கனகரெத்தினத்துக்காகச் சொல்கிறேனா, நபீசாவுக்குச் செய்ததை உன் கையால் கழுவப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாது. நீயும் சந்தேகப்பட்டுக்கொள். அந்த மனிதர் வேறு விஷயங்களில் எப்படியோ, அதையும் நான் அறியேன். ஆனால் அந்த வாய்க்கால் கட்டுக் கடிதத்தை அவர் தொலைக்கவில்லை என்று நீ அறிவாய். கேள்வி அது ஒன்றுதான்.

உங்கள் பெரியவரை ஒரு சொல்லும் நம்பாதே. புதன்கிழமை உன்னைக் கூப்பிட்டு இருத்தி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார், பார். உன் நியமனக் கடிதத்தை மேசையில் உன் கண்ணில் படும்படி வைத்தாலும் வைப்பார். சுகம் என்று சொல்லிவிட்டு எழும்பி வா. வாக்குமூலத்தை நீயே உன் கையால் எழுது, அவர்கள் எழுதி ஒப்பம் கேட்டால் வைக்காதே. தாளுக்கு இலக்கம் போடு. கடைசி வரிக்குக் கீழே இடம் விடாமல் கோடு இழு, விட்டால் வேறு யாராவது நிரப்புவார்கள். நேரம் எழுது. ஒரு கொப்பியை அவர்கள் முன்னாலேயே கேட்டு வாங்கு, என்னைப்போல ஒளித்து எடுக்காதே. சின்ன ஒப்பம் வேண்டாம், முழுப் பெயரையும் எழுது. உன் மனைவியிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல். பிறகு வருவதை அவளும்தானே சுமக்க வேண்டும்.

வரும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நியமனக் கடிதம் ஆறு மாதம் சுணங்கும், இல்லாவிட்டால் ஒரு வருஷம். எங்காவது தூரத்துக்குத் தூக்கிப் போடுவார்கள். கந்தோரில் உன்னோடு தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள் குறைவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். கஷ்டம் வந்தால் என்னை ஏசு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை பேனையை எடுக்கும்போது கனகரெத்தினம் உன் முகத்தைப் பார்ப்பார். அவர் பார்க்கும்போது நீ குனியாதே. உனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

அம்மா